பேஸ் கிடாரும் ஏழாம் நம்பர் பிரஸ்ஸும்

நான் முன்பு வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். தொழிலாளர் பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவளாம். பழைய பீரோவைக் காலி செய்தபோது கட்டுக்கட்டாகக் காமிக்ஸ் கிடைத்ததாம். ஒவ்வொன்றிலும் கடைசிக் கட்டத்தின் மூலையில் 'எஸ்தர்' என்று கையெழுத்து இருந்ததால், யார் யாரையோ கேட்டு என் நம்பரைப் பிடித்திருக்கிறாள்.

"மேடம், ஃபேக்டரில போய் யாராவது காமிக்ஸ் வரையச் சொல்வாங்களா? இது எப்படி நடந்துச்சு?"

போனில் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். முழுசாகச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு கேசட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குப் போன் பேச்சு போதாது.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் வீடு ஆவடி சேக்காட்டில். அப்பா இல்லை. அம்மா, அண்ணன் சாலமோன், நான். அண்ணன் ஞாயிறு காலையில் சர்ச்சில் பேஸ் கிடார் வாசிப்பான். முகூர்த்த நாட்களில் மெல்லிசைக் குழுவோடு கல்யாண ரிசப்ஷனுக்குப் போவான். கப்பலில் வேலை பார்த்த அவன் சிநேகிதன் ஒருமுறை லீவில் வந்தபோது அந்தக் கேசட்டைக் கொடுத்தான். அட்டையில் பாடியவர் பெயரும் இல்லை, பாட்டின் பெயரும் இல்லை. பேனாவால் ஆங்கிலத்தில் 'ஃபங்க்' என்று மட்டும் எழுதியிருந்தது. எனக்குப் பெட்ரோல் பங்க் தெரியும், தலையில் பங்க் வைத்துக்கொள்வதும் தெரியும். "இது எந்தப் பங்க்?" என்று கேட்டேன். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தான்.

கேசட் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "பாட்டு எப்போடா ஆரம்பிக்கும்? அப்போலேர்ந்து சாமானையே உருட்டிட்டு இருக்காங்க."

நான் இடத்தைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தேன். அதுவரை பாட்டென்றால் எனக்குப் பாடுகிறவரின் குரல்தான். இங்கே முன்னால் வந்து நின்றது பேஸ் கிடார். டிரம்ஸ், கிடார், ஊதுகிற வாத்தியங்கள் எல்லாம் முதல் தட்டில் ஒன்றாக வந்து விழுந்தன. பிறகு ஒவ்வொருவரும் கொஞ்சமாக, எண்ணி எண்ணி வாசித்தார்கள். நடுவில் நிறைய இடத்தைக் காலியாக விட்டார்கள். அந்தக் காலி இடம் வரும்போதெல்லாம் என் தோள் தானாக அசைந்தது. ஒன்றுமே வாசிக்காத இடம் எப்படி ஒருத்தியை ஆட்டும் என்று எனக்குப் புரியவில்லை. அன்று வந்த வியப்பு இன்றைக்கும் போகவில்லை.

காமிக்ஸ் அதற்கு முன்பே பிடித்துவிட்டது. ஆவடி மார்க்கெட் பக்கம் இருந்த வாடகை நூலகத்தில் ஒன்றுவிடாமல் படித்திருந்தேன். ஒரு கட்டத்தில் கதாநாயகன் கையை ஓங்குவான். அடுத்த கட்டத்தில் எதிரி தரையில் கிடப்பான். அடி எங்கே விழுந்தது? இரண்டு கட்டத்துக்கும் நடுவில், அந்த மெல்லிய வெள்ளை இடைவெளியில். அதை யாரும் வரையவில்லை. படிக்கிற நான்தான் போட்டுக்கொண்டேன். கேசட் கேட்ட ராத்திரிக்கு மறுநாளே நானும் ஒரு கதை எழுதி வரைய ஆரம்பித்தேன்.

பிறகு ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு, அப்புறம் அம்பத்தூர் எஸ்டேட்டில் இந்தத் தொழிற்சாலை. வண்டிகளுக்குத் தேவையான இரும்புப் பாகங்களைத் தகட்டில் வெட்டி எடுக்கிற இடம். நான் டிராயிங் ஆபீஸில் டிரேசர், வரைபடங்களை நகலெடுக்கிற வேலை. தினமும் ஆவடியில் ரயில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி நடப்பேன். சாப்பாட்டு நேரத்தில், வீணாய்ப்போன பிளூ பிரின்ட் தாள்களின் பின்பக்கத்தில் என் காமிக்ஸை வரைவேன்.

அதைப் பாதுகாப்பு அதிகாரி கோபால்சாமி சார் ஒருநாள் பார்த்துவிட்டார்.

அவரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் வருஷக்கணக்கில் நின்று மேலே வந்தவர். அந்தச் சத்தம் அவருடைய இடது காதை முழுசாகவும் வலது காதைப் பாதியாகவும் தின்றுவிட்டது. மெல்லிய சத்தம் எதுவும் கேட்காது. மேஜையில் டெலிபோன் மணி அடிக்கும், அவர் எழுதிக்கொண்டே இருப்பார். ஆனால் ஒருநாளும் குரலை உயர்த்திப் பேச மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார், ஒரு கேள்வி கேட்பார், வலது காதைத் திருப்பி வைத்துக்கொண்டு நிற்பார். பதில் வரும் வரை நகர மாட்டார். பொய் சொல்ல நினைத்தவர்கள்கூட அந்தக் காத்திருப்பைத் தாங்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

என் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, நின்றபடியே படித்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"இந்த ஒரு கட்டம் ஏன் காலியா இருக்கு?"

"அங்கே படிக்கிறவங்க கொஞ்சம் நிக்கணும் சார்."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் திரும்பி வந்தார். கையில் ஓர் அறிவிப்பின் நகல். 'பணியாளர்கள் இயந்திரங்களை இயக்குங்கால் உரிய கவனத்துடன்' என்று தொடங்கும். பிரஸ் ஷாப் சுவரில் பெரிய எழுத்தில் பல வருஷமாக இருக்கிறது.

"இதை யாராவது படிச்சிருக்காங்களான்னு கேட்டுட்டு வா."

பிரஸ் ஷாப்பில் முதலில் கண்ணில் பட்டவர் ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் இருந்த ஏகாம்பரம். ஆவடி பக்கத்துக் கோவில்பதாகைக்காரர். வீட்டில் நிலம் உண்டு, விடிகாலையில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு ஷிஃப்டுக்கு வருவார். அவரிடம் கேட்டேன்.

"எது, அந்த போர்டாம்மா? டிபன் பாக்ஸ் மாட்ற ஆணி அதுக்குக் கீழதான் கீது. அதுல இன்னா எழுதிக்கீதுன்னு யாரு பாத்தா?"

அப்படியே போய்ச் சொன்னேன். சார் சிரிக்கவில்லை. "அப்போ நீ வரை" என்றார்.

முதல் காமிக்ஸ் நாலு பக்கம். கண்ணாடி போடாமல் கிரைண்டிங் செய்கிற ஒருத்தனின் கதை. ஏகாம்பரம் பேசுகிற பேச்சையே எழுதியிருந்தேன். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "கம்பெனி போர்டுல 'இன்னா'ன்னு எழுதலாமா?" என்று கோபப்பட்டார்.

கோபால்சாமி சார் வழக்கமான குரலில் கேட்டார்: "கண்ணுல பொறி விழுந்தவன் செந்தமிழ்லயா சார் கத்தினான்?"

'இன்னா' அப்படியே இருந்தது.

எனக்கு அவர் விதித்த நிபந்தனை மூன்றுதான். எந்த மெஷினை வரைந்தாலும் ஒரு முழு ஷிஃப்ட் அதன் முன்னால் நின்று பார்க்க வேண்டும். முகத்துக்கு முன்னால் கையை வரைய வேண்டும். ரத்தம் வரையக் கூடாது. "ரத்தத்தைப் பார்த்தா மனுஷன் கண்ணை மூடிப்பான். கண்ணைத் திறந்து வைக்கத்தானே படம் போடறோம்" என்பார்.

அப்படித்தான் ஒரு நாள் காலையில் ஏழாம் நம்பர் பிரஸ் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் மறக்க முடியாத நாள் அது.

பிரஸ் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஆளைவிட உயரமான இரும்புச் சட்டம். பக்கவாட்டில் ஓயாமல் சுற்றும் பெரிய சக்கரம். காலால் பெடலை மிதித்தால், மேலே இருக்கும் ராம் என்கிற கனமான இரும்புக் கட்டை ஒருமுறை இறங்கும், தகட்டை வெட்டும், ஏறி உச்சியில் நிற்கும். அது நிற்கிற அந்தச் சின்ன நேரத்தில்தான் ஆள் கையை உள்ளே விட்டு, வெட்டியதை எடுத்து, அடுத்த தகட்டை வைப்பார். ராமை உச்சியில் பிடித்து நிறுத்துவது ஒரு சிறிய தாழ். அந்தத் தாழைத் தள்ளி விழச் செய்வது ஒரு ஸ்ப்ரிங். தாழ் விழும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். இறங்கும்போது 'தட்', உச்சியில் 'டிக்'. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை.

பத்துப் பதினோரு பிரஸ்கள் ஒன்றாக ஓடுகிற இரைச்சலில் பக்கத்தில் பேசுவதே கேட்காது. ஆனால் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஏழாம் நம்பர் மட்டும் தனியாகக் காதில் பிரிந்தது. அதன் 'டிக்' மற்றவற்றைப் போல அல்ல. மயிரிழை தாமதித்து வந்தது. அண்ணனின் கேசட்டில் பேஸ் வாசிக்கிறவர் அப்படித்தான் செய்வார். தாளத்தோடு ஒட்டாமல் ஒரு மூச்சு பின்னால் வருவார், அதில்தான் உடம்பு சொக்கும். ஓர் இரும்பு மெஷின் அதையே செய்கிறதே என்று மெய்மறந்து போனேன். என் கால் தரையைத் தட்ட ஆரம்பித்தது.

ஏகாம்பரம் பார்த்துவிட்டார். "இன்னாம்மா, காலு ஆடுது?"

"உங்க மெஷின் சூப்பரா வாசிக்குது!" என்று கத்தினேன்.

"காத்தாலேர்ந்தே ஒரு மாதிரி இழுத்துகினுதாம்மா அடிக்குது" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். மதியம் வரை அவர் கைகளை வரைந்தேன். இரண்டு கையும் உள்ளே போவதும் வருவதும், தகட்டை வைப்பதும், விரல்கள் விலகுவதும். அந்த நேரமெல்லாம் தாமதித்து வரும் அந்த 'டிக்'கை ரசித்துக்கொண்டே இருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்து பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். முதல் கட்டம், ராம் இறங்குகிறது. அதில் 'தட்' என்று எழுதினேன். பிறகு ராம் ஏறி உச்சிக்குப் போகும் படம். 'டிக்' அதிலேயே வர வேண்டும். எழுதப் போனேன், கை வரவில்லை. காலையெல்லாம் கேட்ட சத்தம் அந்தப் படத்துக்குள் விழவில்லை. அதைத் தாண்டித்தான் விழுந்தது. பென்சிலை நகர்த்தினேன். கட்டத்தைக் கடந்து, அடுத்த கட்டத்துக்கு முந்திய வெள்ளை இடைவெளியில் போய் நின்றது.

அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது? கை இருக்கிறது. ஏகாம்பரத்தின் கை அந்த நேரத்தில்தான் உள்ளே போகும்.

தாளம் போடுகிற மனுஷன் தாமதிக்கலாம். தாழ் தாமதிக்கக் கூடாது. தாமதிக்கிற தாழ் ஒருமுறை விழாமலே போனால் ராம் நிற்காது. யாரும் மிதிக்காமல் தானாக இன்னொரு முறை இறங்கிவிடும்.

டிபன் பாக்ஸை மூடக்கூட இல்லை, ஓடினேன். மணி அடித்து பிரஸ்கள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தன. ஏகாம்பரம் தகட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க! டிக் லேட்டா வருது!"

ஃபோர்மேன் பெரியசாமி வந்தார். "இன்னா மேடம், படம் போடத்தானே வந்தீங்க? சாயந்தரம் லாரி வந்து நிக்கும். இன்னும் பாதி லோடு ஆவல."

என்ன சொல்லி விளக்குவது? பாட்டு மாதிரி இருக்கிறது, அதனால் நிறுத்துங்கள் என்றா? ஏகாம்பரம் என் முகத்தைப் பார்த்தார். பெடலிலிருந்து காலை எடுத்தார். எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபோர்மேனுக்குக் கேட்காதபடி என்னிடம் குனிந்தார்.

"எண்ணெ போட்ற மாதிரி நிக்கிறேன். போய் சாரை இட்டுகினு வா."

கோபால்சாமி சார் வந்தார். வலது காதை மெஷின் பக்கம் திருப்பினார். கையை உள்ளே விடாமல், தகடு வைக்காமல் ஓட்டச் சொன்னார். தட். டிக். தட். டிக். நெடுநேரம் கேட்டார். தலையை ஆட்டினார், கேட்கவில்லை.

"உங்களுக்கும் கேக்கல, எனக்கும் கேக்கல சார்" என்றார் பெரியசாமி. "நேத்து கூட நல்லாத்தான் ஓடிச்சி."

சார் சாக்பீஸ் எடுத்தார். ராம் உச்சிக்கு வரும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, ராமிலும் பக்கத்துச் சட்டத்திலும் சேர்த்து ஒரே கோடாகப் போட்டார். பிறகு என்னைத் தன் எதிரே, மெஷினின் அந்தப் பக்கம் நிறுத்தினார்.

"எனக்கு அந்தச் சத்தம் கேட்காது. நீ கேட்கிறதை எனக்குக் காட்டு. கண்ணை மூடிக்கோ. டிக் வர்றப்போ பென்சிலைத் தூக்கு. மெஷினைப் பார்க்காதே."

கண்ணை மூடிக்கொண்டேன். ஏகாம்பரம் மிதித்தார். தட். டிக், தூக்கினேன். தட். டிக், தூக்கினேன். என் நெஞ்சு அதைவிட வேகமாக அடித்தது. அதையும் ஒதுக்கிவிட்டு அந்த ஒரு சத்தத்தை மட்டும் கேட்க வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் அண்ணனோடு உட்கார்ந்து கேட்டதெல்லாம் அந்த நேரத்துக்கு வந்து உதவியது என்று நினைக்கிறேன். எத்தனை அடி என்று எண்ணவில்லை.

"போதும்."

கண்ணைத் திறந்தேன். சார் பெரியசாமியைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திவைத்திருந்தார்.

"இவ பென்சில் எழும்பறப்போ பார்த்தியா? ராம் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்க ஆரம்பிச்சிடுது. ஒரு விரல்கடை. அதுக்கப்புறம்தான் தாழ் பிடிக்குது."

பெரியசாமி குனிந்து அந்தச் சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு சார் செய்ததில் கொஞ்சமும் அவசரம் இல்லை. மெயினை அணைத்தார், பூட்டுப் போட்டார், சாவியைச் சட்டைப் பையில் வைத்தார். மின்சாரம் போன பிறகும் பெரிய சக்கரம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அது தானாக நிற்கும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நின்ற பிறகு ராமுக்கு அடியில் மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார். அப்புறம்தான் மூடியைக் கழற்றினார். குறடால் ஸ்ப்ரிங்கை மெதுவாக வெளியே இழுத்தார்.

அவர் உள்ளங்கைக்கு வரும்போது அது இரண்டாகிவிட்டது. நூல் கனத்தில் ஓரிடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. குறடு பட்டதும் விட்டுவிட்டது. அது இன்னும் எத்தனை அடி தாங்கியிருக்கும், நூறா, ஒன்றா, என்று அங்கே யாராலும் சொல்ல முடியவில்லை.

பெரியசாமி பக்கத்தில் இருந்த தகட்டு அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஏகாம்பரம் வேஸ்ட் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். எண்ணெய் போன பிறகும் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சார் என் பக்கம் திரும்பினார். "எப்போ முதல்ல கேட்டே?"

வலது காதைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"காலையிலயே சார். நல்லா இருக்குன்னு ரசிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். ஸ்ப்ரிங்கின் இரண்டு துண்டையும் ஒரு தாளில் மடித்து என் கையில் கொடுத்தார்.

"அதையும் வரை" என்றார்.

வரைந்தேன். எட்டுப் பக்கம். அதில் அசட்டுப் பாத்திரம் நான்தான். நான் கால் தட்டி ஆடிக்கொண்டிருப்பேன். பின்னால் இரண்டு கைகள் மெஷினுக்குள் போய்வரும். ஐந்தாம் பக்கத்தில் ஒரு முழுக் கட்டத்தைக் காலியாக விட்டேன். அதன் நடுவில் 'டிக்' என்று மட்டும் சின்ன எழுத்து.

அதை ஒட்டிய அன்று, சுவர் முன்னால் ஆட்கள் விலகாமல் நின்றார்கள். மறைக்கிறதென்று அவர்களே ஆணியைப் பிடுங்கி டிபன் பாக்ஸ்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பெரியசாமி கடைசியாக வந்து, முதலிலிருந்து ஒவ்வொரு கட்டமாகப் படித்தார்.

"உங்களையே இப்படிப் போட்டுகினீங்களே மேடம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு நிமிஷம் வர்றீங்களா? ஒண்ணாம் நம்பர்லேர்ந்து எல்லாத்தையும் கேட்டுப் பாத்துடுங்களேன்."

ஒவ்வொரு பிரஸ் முன்னாலும் கண்ணை மூடி நின்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை இருந்தது. எல்லாம் சரியாகவே இருந்தன. ஒரு கூடம் நிறைய மனிதர்கள், நாள் முழுக்க, இவ்வளவு சிறிய ஓர் இடைவெளியை நம்பிக் கையை உள்ளே விடுகிறார்கள். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதன் பிறகு டிரேசர் வேலையை விட்டுப் பாதுகாப்புப் பிரிவுக்கே மாற்றிவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை வரைந்தேன், எழுதினேன். வெளியே சில பத்திரிகைகளுக்கும் சித்திரக் கதைகள் எழுதினேன். கேசட்டுகள் அலமாரி நிறையச் சேர்ந்தன. ஃபங்க் போட்டுக்கொண்டுதான் பக்கங்களைக் கட்டம் பிரிப்பேன். வேறு விதமாக எனக்குப் பிரிக்கத் தெரியாது.

கோபால்சாமி சார் தொண்ணூறுகளின் நடுவில் ஓய்வு பெற்றார். பூந்தமல்லியில் வீடு. அதற்குள் வலது காதும் போய்விட்டது. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் மதியம் மனைவியோடு சேக்காட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். சொல்ல வேண்டியதை நாங்கள் தாளில் எழுதிக் காட்டினோம். அவர் பேசினார். சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் மூலையில் பேஸ் கிடாரை ஆம்ப்ளிஃபயரில் செருகித் தன்பாட்டுக்கு வாசிக்க ஆரம்பித்தான். ஆம்ப்ளிஃபயரின் மரப்பெட்டி சாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. டம்ளரை வைக்கக் கையை நீட்டியவர், தற்செயலாக, அதிரும் பெட்டியின் மேல் உள்ளங்கையை ஊன்றினார்.

சட்டென்று கையை எடுத்தார். பெட்டியைப் பார்த்தார். மறுபடி வைத்தார்.

"சாலமோன், நீ வாசிக்கிறது இதுவா?"

அண்ணன் தலையாட்டினான். என்ன நடக்கிறது என்று புரிந்து, நிறுத்தாமல், இன்னும் அழுத்தமாக வாசித்தான். சார் இன்னொரு கையையும் பெட்டியின் பக்கவாட்டில் வைத்துக்கொண்டார். கண்களை மூடினார்.

அவர் மனைவி என் காதருகே மெல்லச் சொன்னார்: "பாட்டுன்னு ஒண்ணை இவர் கேட்டு எத்தனையோ வருஷமாச்சும்மா."

அண்ணன் ஓரிடத்தில் விரலை எடுத்தான். சார் பதறிக் கண்ணைத் திறந்தார். "நின்னுடுச்சா?"

யாரும் பதில் எழுதவில்லை. அதற்கு நேரமில்லை. அடுத்த தட்டில் பேஸ் முழுக் கனத்தோடு வந்து விழுந்தது. அவர் தோள் குலுங்கியது. வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"நிக்கலை, நிக்கலை. உள்ளேதான் இருந்திருக்கு" என்றார். கையை எடுக்காமல், கண்ணை மூடி, அடுத்த இடைவெளிக்காகக் காத்திருந்தார்.